மூக்கை மூடச் சொன்ன டாக்டர்

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை. ஊர்: ஆழ்வார்குறிச்சி)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு என்றால் நல்லது என்றார். அப்துல் கலாமும் ஜி.டி. நாயுடுவும் வருஷா வருஷம் நம் மலரில் வந்துவிடுகிறார்கள். அதனால் நான் ஒரு சீன டாக்டரைப் பிடித்தேன். சீன டாக்டருக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் நம் மூக்கிலேயே இருந்தது, ரெண்டு வருஷம்!

நாமெல்லாம் கொரோனா பேட்ச். பரீட்சை எழுதாமலே பத்தாம் வகுப்பில் ஆல் பாஸ் ஆன கூட்டம் என்று இன்றைக்கும் கிண்டல் பண்ணுகிறார்கள். அந்த நாட்களில் ரேஷன் கடையில் ஆளுக்கு ரெண்டு துணி மாஸ்க் கொடுத்தார்கள். அதைக் கட்டாமல் வெளியே போனால் 200 ரூபாய் அபராதம். 2022 ஜனவரியில் அது 500 ஆயிற்று. மூஞ்சியில் துணி கட்டினால் நோய் பரவாது என்று முதலில் யாருக்குத் தோன்றியது, எப்படி நம்பினார்கள் என்று நான் அப்போது யோசித்ததே இல்லை. 2021 மார்ச் 10ந் தேதி கூகுள் முகப்பில் ஒரு வட்டக் கண்ணாடிக்காரர் மாஸ்க்கோடு நின்றார். யார் இவர் என்று தேடப்போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது.

பெயர் வூ லியன் தே.

பினாங்கு நகைக் கடைக்காரர் மகன்

1879 மார்ச் 10ந் தேதி பினாங்கில் பிறந்தவர். பினாங்கு என்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு வெளியூர் மாதிரியே தெரியாது. கடையநல்லூர், தென்காசிப் பக்கமிருந்து பினாங்கு, சிங்கப்பூர் என்று தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிப் போனவர்கள் எத்தனை பேர்! வூவின் தகப்பனாரும் அப்படிப் பிழைக்கப் போனவர்தான். தெற்குச் சீனாவிலிருந்து வந்து பினாங்கில் நகைத் தொழில் செய்தார். வீட்டில் பிள்ளைகள் பதினொரு பேர்.

பிறந்தபோது பதிவான பெயர் ங்கோ லீன் டக். அது அவர்கள் ஊர்ச் சீனப் பேச்சின் உச்சரிப்பு. சீனாவுக்குப் போன பிறகு அந்த எழுத்துகளையே வடக்குச் சீன உச்சரிப்பில் வூ லியன் தே என்று ஆக்கிக்கொண்டார். திருநெல்வேலியை வெள்ளைக்காரன் டின்னவேலி ஆக்கியதைப் பார்த்த நமக்கு இது ஒன்றும் புதுசில்லை.

பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தார். 1896ல் ராணி ஸ்காலர்ஷிப் கிடைத்தது. அதை வாங்கினால் நேராக இங்கிலாந்து! கேம்பிரிட்ஜில் இம்மானுவேல் கல்லூரியில் மருத்துவம் சேர்ந்தார். அங்கே மருத்துவம் படித்த முதல் சீன வம்சத்து மாணவர் அவர் என்கிறார்கள். பிறகு லண்டனில் செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரி, லிவர்பூலில் ரொனால்டு ராஸிடம் ஆராய்ச்சி, ஜெர்மனியில் ஹாலே, பாரிஸில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட். ராஸ் யாரென்று தெரியுமல்லவா? 1897ல் நம் செகந்திராபாத்தில் உட்கார்ந்து கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தவர்.

இவ்வளவு படித்துவிட்டு 1903ல் ஊர் திரும்பினார். கோலாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வருஷம் வேலை பார்த்தார். அதற்கு மேல் போக முடியவில்லை. அரசாங்க மருத்துவத் துறையில் மேல் பதவிகள் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று விதி. கேம்பிரிட்ஜ் பட்டம், பரிசுகள், பதக்கங்கள் எல்லாம் இருந்தும் தோல் நிறம் சரியில்லை. அவரோடு படித்த வெள்ளைக்காரப் பையன் சாதாரணமாகப் பாஸ் பண்ணியிருந்தாலும் அவன் மேலதிகாரி! டிப்ளமோதானே என்று இன்டர்வியூவில் ஓரமாக உட்கார வைக்கப்பட்ட சீனியர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கு இந்த இடம் புரியும்.

சரி போ என்று பினாங்கில் சொந்தமாக டிஸ்பென்சரி போட்டார். சும்மா இருந்தாரா என்றால் இல்லை. ஓப்பியத்துக்கு எதிராகக் கிளம்பினார். அந்தக் காலத்தில் ஓப்பியம் அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். (அதில் பெரும்பங்கு நம் நாட்டில், பீகார் பக்கத்தில் விளைந்து காஜிப்பூரிலும் பாட்னாவிலும் அடைக்கப்பட்டுப் போனது. இதையும் நாம் சொல்லிக்கொள்ளத்தானே வேண்டும்.) வருமானத்தில் கை வைத்தால் விடுவார்களா? 1907ல் அவர் டிஸ்பென்சரியைச் சோதனை போட்டு, வைத்தியத்துக்கு வைத்திருந்த ஓப்பியக் கரைசலுக்கு அனுமதி இல்லை என்று வழக்குப் போட்டு அபராதம் வாங்கிவிட்டார்கள். ஓப்பியத்தை எதிர்த்தவர் மேலேயே ஓப்பிய வழக்கு!

அந்தச் சமயத்தில் சீனாவிலிருந்து அழைப்பு வந்தது. தியான்ஜின் நகரில் ராணுவ மருத்துவக் கல்லூரிக்குத் துணை இயக்குநர் பதவி. 1908ல் போய்ச் சேர்ந்தார். வேடிக்கை என்னவென்றால் அவருக்கு அங்கத்திய சீன மொழி பேச வராது. இருபத்தொன்பது வயதில் உட்கார்ந்து படித்தார்.

ஹார்பின்

இனி வருவதுதான் கதை. மேலே சொன்னதெல்லாம் முன்னுரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சீனாவின் வடகிழக்குக் கோடியில் மஞ்சூரியா. அங்கே மலை அணில் இனத்தில் மர்மோட் என்று ஒரு பிராணி. அதன் தோலுக்குச் சாயம் ஏற்றினால் விலை உயர்ந்த தோல் மாதிரியே இருக்கும் என்பதால் ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. காலங்காலமாக அதை வேட்டையாடிய மங்கோலியருக்கு ஒரு விஷயம் தெரியும்: தள்ளாடி நடக்கும் மர்மோட்டைத் தொடக்கூடாது. விலை ஏறியதும் தெற்கேயிருந்து வந்து குவிந்த புது ஆட்களுக்கு அது தெரியாது. சுலபமாகச் சிக்கியதைப் பிடித்தார்கள், தோலை உரித்தார்கள், கறியைத் தின்றார்கள். மர்மோட்டின் உடம்பில் இருந்தது பிளேக் கிருமி.

1910 அக்டோபரில் ரஷ்ய எல்லையில் சாவு ஆரம்பித்தது. ரஷ்யாக்காரர்கள் போட்ட ரயில் பாதை வழியே அது நேராக ஹார்பினுக்கு வந்தது. காய்ச்சல், இருமல், சளியில் ரத்தம், உடம்பு நீலம் பாரித்து ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். வந்தவர் எவரும் பிழைக்கவில்லை. டிசம்பரில் பீக்கிங் அரசு வூவைக் கூப்பிட்டது. போ, என்னவென்று பார் என்றது. வயது முப்பத்தொன்று. துணைக்கு அவர் கல்லூரி மாணவர் ஒருவர். நம்மைப் போல ஒரு மாணவர்! கையில் ஒரு மைக்ராஸ்கோப்பும் சில சாமான்களும். டிசம்பர் 24ந் தேதி ஹார்பினில் இறங்கினார்கள். குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபது, முப்பது டிகிரி.

சீனர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிக்கு ஃபூஜியாடியன் என்று பெயர். ஜனத்தொகை சுமார் 24,000. வூ வந்த மூன்றாம் நாள், டிசம்பர் 27, அங்கே ஒரு சத்திரக்காரரின் மனைவி இறந்துபோனார். ஜப்பான்காரப் பெண். பிணத்தை அறுத்துப் பார்ப்பது அந்த நாட்டில் மகா பாவம், சட்டத்திலும் இடமில்லை. நம் ஊரில் போஸ்ட்மார்ட்டம் என்றாலே வீட்டார் எப்படிக் கதறுகிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வூ சத்தமில்லாமல் அந்த வீட்டிலேயே செய்து முடித்தார். நுரையீரலிலும் ரத்தத்திலும் மண்ணீரலிலும் எடுத்ததைச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். இரண்டு முனையும் கருத்த முட்டை வடிவக் கிருமிகள். பிளேக்!

பிளேக் என்று தெரிந்துபோயிற்று, அதில் சண்டையில்லை. எப்படிப் பரவுகிறது என்பதில்தான் சண்டை.

இதைப் புரிந்துகொள்ள நாம் பம்பாய்க்குப் போக வேண்டும். 1896ல் பம்பாயில் பிளேக் வந்தது. அதிலிருந்து சில பத்து வருஷங்களில் நம் நாட்டில் ஒரு கோடிப் பேருக்கு மேல் பலி. எலிக்கு வருகிறது, எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி மூலம் மனிதனுக்கு வருகிறது என்பதை இந்தியாவில் வேலை பார்த்த விஞ்ஞானிகள்தான் நிரூபித்தார்கள். அதனால் பிளேக் என்றால் எலியைப் பிடி, எலியை ஒழி என்பது உலகம் முழுக்கப் பாடம் ஆகிவிட்டது. பாடம் தப்பில்லை. ஆனால் அது அக்குளிலும் தொடையிலும் நெறிகட்டுகிற பிளேக்கின் பாடம்.

வூ ஹார்பினில் பார்த்தது வேறு. நெறிகட்டவே இல்லை, இருமல்தான். எலிகளைப் பிடித்து அறுத்துப் பார்த்தார்கள், எலியிடம் நோயே கிடையாது. அத்தோடு அந்தக் குளிரில் எலியும் தெள்ளும் எங்கே ஓடித் திரியும்? ஒரே சூடான அறையில் நெருங்கிப் படுத்திருந்தவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஆகவே இது நுரையீரல் பிளேக், இருமும்போது தெறிக்கும் துளியில் மூச்சு வழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்று முடிவு கட்டினார். மூச்சு வழியாக வருவதை மூச்சு வாசலில்தான் மறிக்க வேண்டும். மூக்கையும் வாயையும் மூடுங்கள் என்றார்.

மூன்று அடித் துணி

ஆபரேஷன் தியேட்டரில் மாஸ்க் அதற்கு முன்பே உண்டு. 1897ல் ப்ரெஸ்லாவ் நகரில் மிக்குலிச் என்ற சர்ஜன் மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டு ஆபரேஷன் செய்திருக்கிறார். அது டாக்டரின் எச்சில் நோயாளியின் புண்ணில் விழாமல் இருக்க. வூ அதைத் திருப்பிப் போட்டார். கட்டிக்கொள்கிறவரைக் காப்பாற்றவும் அது வேண்டும், டாக்டருக்கு மட்டுமல்ல, பிணம் தூக்குபவருக்கும் போலீஸ்காரருக்கும் தெருவில் போகிற ஆளுக்கும் வேண்டும் என்றார்.

அதன் செய்முறையை நம் ஒர்க்ஷாப் ரெக்கார்டில் எழுதுவதுபோல எழுதலாம். 9 அங்குல அகலமுள்ள காஸ் துணியை 3 அடி நீளத்துக்கு வெட்ட வேண்டும். நீளவாக்கில் மடித்து, நடுவில் 4 அங்குலத்துக்கு 6 அங்குலத்தில் தட்டையான பஞ்சு வைக்க வேண்டும். இரண்டு முனையிலிருந்தும் 15 அங்குலத்துக்கு இரண்டிரண்டு கீறல் போட்டால் பக்கத்துக்கு மூன்று வால். கணக்குப் பாருங்கள்: 15, 6, 15. கூட்டினால் 36 அங்குலம், ஒரு இஞ்ச் கூட வீணில்லை! மேல் வால் காதுக்கு மேலே சுற்றிப் பின்னால் முடிச்சு, கீழ் வால் காதுக்குக் கீழே கழுத்தில் முடிச்சு, நடு வால் நழுவாமல் இருக்க உச்சந்தலையில் முடிச்சு. தையல் மெஷின் வேண்டாம், எலாஸ்டிக் வேண்டாம். எந்தக் கிராமத்திலும் கத்தரிக்கோல் இருந்தால் போதும், விலையும் சில காசுதான். எனக்கு இந்த மனுஷர் மேல் மரியாதை வந்ததே இந்த இடத்தில்தான். பெரிய யோசனையைச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, அதை 15 அங்குலக் கீறல் வரைக்கும் இறக்கிக் கொடுக்கிறவர்கள் குறைவு.

எங்கள் ஊரில் பீடி சுற்றுகிற ஆச்சிமார்கள் தூள் நெடிக்குச் சேலை முந்தியை மூக்கில் சுற்றிக்கொள்வார்கள். அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற தூளுக்கு மூக்கை மூடுவது வேறு, தெரியாத கிருமிக்கு மூடுவது வேறு. ஹார்பினில் இருந்த படித்த டாக்டர்களே கேட்கவில்லை. ரஷ்ய டாக்டர், ஜப்பான் டாக்டர், எல்லோருக்கும் எலிதான் எதிரி.

1911 ஜனவரி 2ந் தேதி பிரெஞ்சு டாக்டர் ஜெரால்ட் மெஸ்னி வந்து சேர்ந்தார். தியான்ஜினில் இன்னொரு மருத்துவக் கல்லூரியில் பெரிய பதவியில் இருந்தவர், வயதிலும் மூத்தவர். வூ அவரைப் போய்ப் பார்த்து, தான் கண்டதையெல்லாம் மரியாதையாக விவரித்தார். சின்னப் பையன், அதுவும் சீனன், எனக்குச் சொல்லித் தருவதா என்று மெஸ்னிக்கு ஆத்திரம். கண்டபடி பேசி அனுப்பிவிட்டார். வூ வெளியே வந்து, பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று பீக்கிங்குக்குத் தந்தி அடித்தார். நல்லவேளை, மேலிடம் மெஸ்னியை விட்டுவிட்டு வூவையே வைத்துக்கொண்டது.

மெஸ்னி விடவில்லை. தானே பார்த்துக்கொள்வதாக ரஷ்யர்களின் பிளேக் ஆஸ்பத்திரிக்குப் போனார். வெள்ளைக் கோட் போட்டார், கையுறை போட்டார், மாஸ்க் மட்டும் கட்டவில்லை. வெறும் மூக்கோடு நோயாளிகளைத் தட்டிப் பார்த்தார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். ஒரு வாரத்துக்குள், ஜனவரி 11ந் தேதி, அதே நோயில் இறந்துபோனார்.

மெஸ்னியைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனசில்லை. சாகக் கிடந்தவர்களைத் தொட்டுப் பார்க்க அவ்வளவு தூரம் வந்தவர் அவர். படித்த பாடத்தை விடவில்லை, சொன்ன ஆளின் வயதையும் இனத்தையும் பார்த்தார், சொன்ன விஷயத்தைப் பார்க்கவில்லை. அவருடைய சாவுச் செய்தி ஹார்பினைக் குலுக்கிவிட்டது. மறுநாளிலிருந்து தெருவில் போகிறவர்களெல்லாம் மாஸ்க்! ஒரு ஆதாரமும் செய்யாததை ஒரு சாவு செய்தது.

எல்லோரும் ஒழுங்காகக் கட்டினார்களா என்றால், அதுதான் இல்லை. சிலர் காதில் தொங்கவிட்டார்கள். சிலர் தாயத்து மாதிரி கழுத்தில் கட்டிக்கொண்டு போனார்கள். 2020ல் தாடையில் மாஸ்க் மாட்டிக்கொண்டு, போலீஸைக் கண்டதும் மேலே ஏற்றினோமே, அந்த வித்தைக்கு நூற்றுப் பத்து வயது!

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒருவருக்குக் காசநோய் வந்தது. ஆறு மாசம் மாத்திரை, ஆரம்பத்தில் கொஞ்ச நாள் மாஸ்க் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் கொரோனா போய்விட்டது, தெருவில் யாருமே மாஸ்க் கட்டவில்லை. தனியாகக் கட்டிக்கொண்டு போனால் என்னவே வியாதி என்று ஊர் கேட்கும். அவர் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் பேரனுக்கும் வந்தது. இருவரும் இப்போது நன்றாக இருக்கிறார்கள். எல்லோரும் கட்டும்போது அது துணி, ஒருத்தர் மட்டும் கட்டினால் அது அடையாளம். வூ ஊர் மொத்தத்துக்கும் கட்டச் சொன்னதன் உபயோகம் எனக்கு இதை வைத்துத்தான் விளங்கியது.

பெட்டிகளும் பிணங்களும்

மாஸ்க் மட்டுமே பிளேக்கை நிறுத்தியது என்று நான் எழுதினால் பொய். வூ ஃபூஜியாடியனை நாலு பகுதியாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதி ஆளுக்கும் ஒரு நிறத்தில் அடையாளத் துண்டு, அதை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு. ஆயிரத்துக்கும் மேல் சிப்பாய்கள் காவல். நோயாளியோடு இருந்தவர்களைத் தனியாக வைக்க இடமில்லை. ரஷ்யர்களிடம் 120 சரக்கு ரயில் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, அடுப்பு வைத்து, அவற்றில் ஆட்களைத் தங்கவைத்துத் தினமும் காய்ச்சல் பார்த்தார்கள். காய்ச்சல் வராதவர் வீட்டுக்கு, வந்தவர் ஆஸ்பத்திரிக்கு. கொரோனாவின்போது ரயில்வே படுக்கைப் பெட்டிகளை வார்டாக மாற்றியதைப் பார்த்தோமே, அந்த யோசனைக்கு இது பாட்டன்.

தனிமைப்படுத்தல் நம் ஜில்லாவுக்கும் புதுசில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் ஜனங்களை, பிளேக்கும் காலராவும் வந்துவிடும் என்று முதலில் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையிலும் பிறகு மண்டபத்திலும் முகாமில் நிறுத்தி வைத்துத்தான் அனுப்பினார்கள். மண்டபம் கேம்ப் என்ற பெயர் இன்னும் இருக்கிறது. அங்கே காப்பாற்றப்பட்டது தோட்ட முதலாளியின் வியாபாரம். ஹார்பினில் வண்டிக்குள் இருந்தவரையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார்கள். எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

இவ்வளவு செய்தும் ஜனவரி கடைசியில் ஒரே நாளில் 183 பேர் இறந்தார்கள். வூ இடுகாட்டுக்குப் போய்ப் பார்த்தார். தரை கல்லாக உறைந்து கிடந்தது, மண்வெட்டி இறங்கவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேல் பிணங்கள், சில பெட்டியில், சில பெட்டி இல்லாமல், பனியில் வரிசையாக. எரிக்க வேண்டும் என்று தீர்மானித்தார். நமக்கு எரிப்பது சாதாரணம். சீனருக்கு முன்னோர் உடம்பை எரிப்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். சக்கரவர்த்தியின் உத்தரவு இல்லாமல் முடியாது என்று மனுப் போட்டார். அப்போது சக்கரவர்த்தி ஐந்து வயது நிரம்பாத பையன், அவர் பேரில் அப்பா ஆட்சி செய்தார். அனுமதி வந்தது. ஜனவரி 30 சீனப் புத்தாண்டு. மறுநாள் 31ந் தேதி வெடி வைத்துக் குழி பறித்து, மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தார்கள். அதன்பிறகு சாவு இறங்க ஆரம்பித்தது. மார்ச் 1ந் தேதி ஹார்பினில் கடைசி நோயாளி. மஞ்சூரியா முழுவதும் சுமார் 60,000 பேர் பலியாகியிருந்தார்கள்.

ஏப்ரலில் முக்டன் நகரில் சர்வதேச பிளேக் மாநாடு, பதினொரு நாடுகளின் நிபுணர்கள். 1894ல் ஹாங்காங்கில் பிளேக் கிருமியைத் தேடிக் கண்ட இருவரில் ஒருவரான ஜப்பானின் கிட்டசாட்டோவும் வந்து உட்கார்ந்திருந்தார். தலைமை நாற்காலியில் வூ, வயது முப்பத்திரண்டு! பினாங்கில் ஒரு சின்ன அதிகாரி பதவிக்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவர். (அதே 1911 ஜூனில்தான் நம் மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். காலத்தை மனசில் வைத்துக்கொள்ள இது எனக்கு உதவியது.)

துணி போன தூரம்

வூவின் மாஸ்க் குற்றமில்லாதது அல்ல. மணிலாவில் கிருமித் துளிகளைத் தெளித்துச் சோதித்துப் பார்த்தவர்கள், அது எல்லாவற்றையும் தடுப்பதில்லை என்று 1912ல் எழுதினார்கள். உண்மைதான், காஸின் கண் பெரிசு, ஓரத்திலும் காற்று புகும். ஆனாலும் 1918ல் விஷக்காய்ச்சல் உலகத்தைச் சுற்றியபோது சான் பிரான்சிஸ்கோ வரை ஜனங்கள் காஸ் துணி கட்டினார்கள். பிறகு தொழிற்சாலைத் தூசிக்காக வந்த வடிகட்டிகளின் வளர்ச்சியும் சேர்ந்து, 1995ல் அமெரிக்க விதிப்படி என்-95 என்ற பெயர் வந்தது. 0.3 மைக்ரான் அளவுத் துகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைப் பிடிக்கும் என்று அர்த்தம். அதில் உள்ள இழைக்கு மின்னேற்றம் கொடுத்திருக்கும். சல்லடை மாதிரி சலிப்பதோடு, சீப்பைத் தேய்த்துக் காகிதத்தை இழுப்போமே, அந்த மாதிரி துகளை இழுத்துப் பிடிக்கும். அதனால்தான் சோப்புப் போட்டுத் துவைத்தால் அது வீண்.

நுரையீரல் பிளேக் நம் நாட்டுக்கும் வந்தது. 1994 செப்டம்பரில் சூரத்தில். லட்சக்கணக்கில் ஜனங்கள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ரயிலேறி ஓடினார்கள், டெட்ராசைக்ளின் மாத்திரை கடைகளில் தீர்ந்துபோயிற்று. ஆனால் இப்போது அதற்கு மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம். வூவிடம் மருந்தே கிடையாது. அவரிடம் இருந்தது துணி, பெட்டி, நெருப்பு.

கொரோனா சமயத்திலும் மாஸ்க் வேண்டுமா வேண்டாமா என்று பெரிய இடங்களில் மாதக்கணக்கில் யோசித்தார்கள். பொதுஜனமும் துணி மாஸ்க் கட்டலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2020 ஜூன் 5ந் தேதி. அதற்குள் நாம் ஊரடங்கில் ரெண்டு மாசத்துக்கு மேல் கழித்துவிட்டோம்.

மறுபடி மலேயா

மீதிக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். மஞ்சூரியாவில் பிளேக் தடுப்புத் துறையை 1912ல் ஏற்படுத்தி ஏறக்குறைய இருபது வருஷம் நடத்தினார். 1920ல் அதே நோய் மறுபடி வந்தபோது ஆயத்தமாக இருந்தார். முன்பு அறுபதாயிரம் போன இடத்தில் இந்த முறை சுமார் ஒன்பதாயிரத்தோடு நின்றது. 1926ல் நுரையீரல் பிளேக் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். 1930ல் சீனத் துறைமுகங்களின் நோய்த்தடுப்புத் துறைக்குத் தலைவரானார். 1935ல் மருத்துவ நோபலுக்கு அவர் பெயர் பரிந்துரையாயிற்று. கிடைக்கவில்லை.

1937ல் ஜப்பான் படையெடுத்தது. ஷாங்காய் வீட்டில் குண்டு விழுந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஐம்பத்தெட்டு வயதில் மலேயாவுக்குத் திரும்பி ஈப்போவில் சாதாரண டாக்டராகக் கடை திறந்தார். மாநாட்டுத் தலைவர் நாற்காலி பார்த்தவர், அங்கே தகரச் சுரங்கக் கூலிக்கும் ரப்பர் தோட்டத்து ஆளுக்கும் காய்ச்சல் பார்த்தார். அங்கேயும் ஜப்பான் பின்னாலேயே வந்துவிட்டது. 1943ல் காட்டிலிருந்த எதிர்ப்புப் படையினர் அவரைப் பிடித்துப்போய்ப் பணம் கேட்டார்கள். பணம் கொடுத்து மீண்டு வந்தால், எதிரிக்குப் பணம் கொடுத்தாய் என்று ஜப்பான்காரர்கள் பிடிக்கப் பார்த்தார்கள். முன்பு அவர் வைத்தியம் பார்த்த ஒரு ஜப்பானிய அதிகாரி தயவால் தப்பினார்.

ஈப்போவில் பொது நூலகம் ஒன்று உருவாக முன்னின்றார். ஏறக்குறைய எண்பது வயது வரை வைத்தியம் பார்த்தார். 1959ல் சுயசரிதை வெளியாயிற்று. அதைப் பிறப்பிலிருந்து ஆரம்பிக்காமல் ஹார்பினிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். பிறகு பிறந்த ஊரான பினாங்குக்கே குடிபோனார். போன கொஞ்ச நாளில், 1960 ஜனவரி 21ந் தேதி, பக்கவாதம் வந்து இறந்தார்.

ஈப்போவில் அவர் பெயரில் ஒரு ரோடு இருக்கிறது. நம் சீனியர்கள் யாராவது அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், அடுத்த மலரில் போட்டுவிடலாம்.